பழைய பேப்பர், ஒரு கை வெந்தயம், நல்ல வெயில்

எங்கள் வீட்டில் பூண்டு போட்டு வைக்கும் கூடைக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அப்பத்தா செய்தது. பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் அரைத்து, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பி, வெயிலில் காயவைத்து எடுத்த கூடை. விளிம்பில் ஓரிடம் உடைந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. மற்றபடி தட்டினால் மரப்பெட்டி மாதிரி சத்தம் வருகிறது. இதற்காக அவர் கடைக்குப் போகவே இல்லை. வெந்தயம் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது, பேப்பர் பரணில் இருந்தது.

இப்போது கைவேலை பழக நினைப்பவர்கள் முதல் வேலையாகக் கடைக்குத்தான் போகிறார்கள். சூடாக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கி, ஜிகினாத் தாள், மணி, கண்ணாடி என்று பை நிறைய வாங்கி வந்து, நான்காவது நாள் எல்லாம் அலமாரிக்குள் போய்விடுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் சொல்கிறேன். வீட்டில் இருப்பதை வைத்து மூன்று பொருள் செய்து பாருங்கள்: ஒரு பேப்பர் பை, ஒரு காகிதக் கூழ்க் கிண்ணம், ஒரு துணி மிதியடி. பை ஒரு மணி நேர வேலை. கிண்ணத்துக்கு ஒரு வாரம் ஆகும். மிதியடியை டிவி பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்று. கை நேர்த்தி இல்லை என்று கவலைப்பட வேண்டாம், அது தானாக வரும். புதியவர்கள் செய்த பொருள் கெட்டுப்போவது பெரும்பாலும் காயவைக்கும் இடத்தில்தான். அரைகுறையாகக் காய்ந்ததைத் தூக்குவது, ஈரத்தின் மேலேயே வண்ணம் அடிப்பது, மழைக்காலத்தில் கூழ் வேலையை எடுப்பது. இந்த மூன்றையும் தவிர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் பசை

சின்ன வயதில் நோட்டுக்கு அட்டை போடவும் பட்டம் ஒட்டவும் எங்களுக்குச் சோற்றுப் பருக்கைதான் பசை. இரண்டு பருக்கையை வைத்து நசுக்கித் தேய்த்தால் போதும். இன்றும் சின்னக் கிழிசலை ஒட்ட நான் அதைத்தான் தேடுகிறேன். பை ஒட்டும் அளவுக்கு வேண்டுமென்றால் மைதா காய்ச்ச வேண்டும்.

இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னொரு அரை டம்ளர் தண்ணீரை அடுப்பில் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். நேராகச் சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் கொழுக்கட்டைதான் கிடைக்கும். நான்கைந்து நிமிடத்தில் வெள்ளை நிறம் போய், கண்ணாடி போலப் பளபளப்பு வரும். கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி ஆறவிடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதால் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குவது நல்லது.

பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) போடும் பழக்கம் உண்டு. வீட்டில் அது வேண்டாம். துத்தம் விஷம், பசைப் பாத்திரமோ சமையலறையில் புழங்குவது. அதற்குப் பதில் சில சொட்டு வேப்பெண்ணெய் விட்டால் போதும். வாடை இரண்டு நாளில் போய்விடும். எதுவும் போடாமல் நான் ஒட்டிய ஒரு புகைப்பட ஆல்பத்தைக் கரப்பான்கள் ஓரம் ஓரமாகத் தின்று தீர்த்தன. படத்தை விட்டுவிட்டுப் பசையை மட்டும் தின்ற நாகரிகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மீந்த பசை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பேப்பர் பை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்கு நாலு முருங்கைக்காயோ, கொலுவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலமோ கொடுக்கும்போது கை பிளாஸ்டிக் பையைத்தான் தேடுகிறது. அந்த இடத்துக்கு இந்தப் பை சரியாக இருக்கும்.

தேவை: செய்தித்தாளின் விரித்த தாள் இரண்டு, பழைய அட்டைப் பெட்டி ஒன்று, சணல் கயிறு, மைதா பசை.

1. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, அகலவாட்டில் விரித்துப் போடுங்கள். இடையில் நான்கைந்து இடத்தில் பசையை மெல்லத் தடவினால் நழுவாது. எல்லா இடத்திலும் தடவினால் தாள் ஊறிச் சுருங்கும்.

2. மேல் விளிம்பை நான்கு விரல் அகலத்துக்குக் கீழே மடித்து ஒட்டுங்கள். இது பையின் வாய்.

3. தாளைத் திருப்பிப் போட்டு, இடது வலது பக்கங்களை நடுவுக்கு மடியுங்கள். ஒன்றின்மேல் ஒன்று மூன்று சென்டிமீட்டர் ஏறட்டும். அந்த ஏறலில் பசை தடவி ஒட்டினால் தலையணை உறை மாதிரி, இரண்டு பக்கமும் திறந்த குழாய் கிடைக்கும்.

4. இனி அடிப்பாகம். கீழ்விளிம்பைப் பத்து சென்டிமீட்டர் மேலே மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடித்த பகுதிக்குள் கைவிட்டு, அதன் மேலடுக்கை மட்டும் உங்கள் பக்கம் திறந்து படியுங்கள். இரண்டு ஓரத்திலும் முக்கோணம் விழுந்து, அடிப்பாகம் சாய்சதுரம் போல விரியும். புதியவர்கள் திணறுவது இங்கேதான். முக்கோணம் சரியாக விழவில்லை என்றால் இழுக்காதீர்கள், பழைய மடிப்பைப் பிரித்து மறுபடி மடியுங்கள்.

5. மேல்பக்கத்து மடலையும் கீழ்ப்பக்கத்து மடலையும் நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டும்படி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டுங்கள். ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் அடி தயார். அதே அளவுக்கு அட்டை வெட்டி உள்ளே போடுங்கள்.

6. வாய்ப்பக்கம் உள்ளே முன்னும் பின்னும் இரண்டு விரல் அகல அட்டைப் பட்டைகளை ஒட்டி, காய்ந்தபின் அட்டையும் சேர்த்து ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, உள்ளே முடிச்சுப் போடுங்கள். அட்டை இல்லாமல் கயிறு கோத்தால் வாசல் தாண்டும் முன்பே கிழியும்.

இதை மின்விசிறிக்குக் கீழே வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அவசரத்துக்கு அயர்ன் பெட்டி தேய்த்தால் ஈரப் பசை பிதுங்கி எங்கெங்கோ ஒட்டும். என் அனுபவத்தில் ஒரு கிலோ வெங்காயம் வரை நிம்மதியாகத் தூக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பஜ்ஜி, வடை, நறுக்கிய பழம் என எதையும் நேரடியாகச் செய்தித்தாளில் வைக்கக் கூடாது. அச்சு மை உணவில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலும் 2023இலும் இதைச் சொல்லி எச்சரித்தது. முழுக் காய்கறி, புத்தகம், துணி, பரிசுப் பொருள் இவற்றுக்கு மட்டும் இந்தப் பை.

காகிதக் கூழ்க் கிண்ணம்

இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். தஞ்சாவூர் நாட்டியப் பொம்மையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு பெரிய பொம்மை எடையே இருக்காது. அதன் ரகசியம் காகிதக் கூழ். புதுச்சேரி பக்கம் திருக்கனூரின் காகிதக் கூழ் கைவினைக்குப் புவிசார் குறியீடே உண்டு. நாம் அந்த உயரத்துக்குப் போகவில்லை. வெங்காயம், பூண்டு, சாவி, ஊசி நூல் போட்டு வைக்க ஒரு கிண்ணம், அவ்வளவுதான்.

மாதம் பார்த்துத் தொடங்குங்கள். மாசியில் இருந்து வைகாசி வரை உத்தமம். என் முதல் கிண்ணத்தை ஐப்பசியில் செய்தேன். நான்கு நாள் மேகமூட்டம். வெளியே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே புளித்த மாவு வாடை. ஐந்தாம் நாள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்து, கையுறை போட்டு எடுத்துக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. “வெயில் இல்லாம வடாம் போடுவியா? இதுவும் அப்படித்தான்டா” என்றார் அம்மா. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முதல் நாள் பேப்பரை ஊறவைப்பது. ஒரு நடுத்தரக் கிண்ணத்துக்கு 200 கிராம் பேப்பர் வேண்டும். செய்தித்தாளில் விரித்த தாள் ஏறக்குறைய பன்னிரண்டு வரும். பளபளப்பான இணைப்பிதழ், வார இதழ் அட்டை வேண்டாம், அவை லேசில் கரையாது. முட்டை அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. அதுவே கூழில் செய்ததுதான், ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். சுடுதண்ணீரில் ஊறவைத்தால் நாற்றமும் அழுக்கும் போகும். பேப்பரில் பின் ஏதாவது இருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள், பிறகு மிக்ஸி பிளேடுதான் அதைக் கண்டுபிடிக்கும். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்துப் போடுங்கள். கிழித்த ஓரத்தில் நார் வெளியே நிற்பதால் தண்ணீர் சீக்கிரம் ஏறும். மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினால் மையும் வாடையும் குறையும்.

இரண்டாம் நாள் இரவு 30 கிராம் வெந்தயத்தை, அதாவது குவித்து இரண்டு மேசைக்கரண்டி, தனியாக ஊறப்போடுங்கள். வெந்தயம்தான் இங்கே பசை. ஊறியபின் தொட்டால் வழவழப்பாக இருக்கிறதே, அதுதான் நாரைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் கசப்புக்குப் பூச்சியும் அவ்வளவாக அண்டாது. வெந்தயத்துக்குப் பதில் புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சிய பசையும் போடலாம். பிடிமானம் அதைவிட அதிகம், ஆனால் தோல் உரிப்பதற்குள் விரல் போய்விடும். முதல் தடவைக்கு வெந்தயமே போதும்.

மூன்றாம் நாள் காலை அரைப்பது. முதலில் வெந்தயத்தை இட்லிக்கு உளுந்து அரைப்பது போல நுரை பொங்க அரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேப்பரை ஒரு கைப்பிடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு அடியுங்கள். தண்ணீர் குறைந்தால் பேப்பர் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடாகும். சமையலுக்கு வைத்திருக்கும் ஜாரைத் தொடாதீர்கள், பழைய ஜார் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். உரல் உலக்கை இருந்தால் இடித்தே எடுத்துவிடலாம், அந்தக் கூழில் நார் நீளமாக இருப்பதால் கிண்ணம் இன்னும் உறுதியாக வரும்.

கூழைப் பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழியுங்கள். அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம், நார் போய்க் குழாயை அடைக்கும். வாசல் மண்ணில் ஊற்றுங்கள். பிழிந்த கூழோடு வெந்தய விழுதைப் போட்டு, சப்பாத்தி மாவு பிசைவது போல் பத்து நிமிடம் பிசையுங்கள். பதம் பார்க்க ஒரு உருண்டை பிடித்து அழுத்துங்கள். விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் இன்னும் பிழிய வேண்டும், விளிம்பு வெடித்தால் ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும்.

அடுத்தது அப்புவது. ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைச் சுருக்கம் இல்லாமல் போடுங்கள். இந்தத் துணியை விட்டுவிடாதீர்கள், பின்னால் கிண்ணத்தைக் கழற்ற இதுதான் உதவும். வாய் குறுகி வயிறு பெருத்த பாத்திரம் முதல் தடவைக்கு வேண்டாம், கழலாது. கூழை வடை தட்டுவது போலத் தட்டித் தட்டி, அடியிலிருந்து விளிம்பு நோக்கி ஒட்டிக்கொண்டே வாருங்கள். கனம் அரை சென்டிமீட்டர் இருக்கட்டும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால், மெலிந்த இடம் முதலில் காய்ந்து தடித்த இடத்தை இழுக்கும். வெடிப்பு விழுவது அதனால்தான். அப்பி முடித்ததும் ஈரக் கையால் தடவி வழவழப்பாக்குங்கள். ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் இன்னும் இறுகும். விளிம்பை மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கனமாக வையுங்கள், கைபடுவதும் உடைவதும் அங்கேதான்.

இனிதான் பொறுமை. அப்பிய நாள் மாலை வரை பாத்திரத்தின் மேலேயே வெயிலில் இருக்கட்டும். கூழ் காயக் காயச் சுருங்கும், பாத்திரம் சுருங்காது. முழுதும் காயும் வரை விட்டால் இறுகிப்போய் வெடிக்கும். அதனால் மேல்பக்கம் கெட்டியாகி, உள்ளே இன்னும் ஈரம் இருக்கும்போதே, அநேகமாக மறுநாள் நடுப்பகலில், துணியோடு சேர்த்து மெல்லத் தூக்கிக் கழற்றிவிடுங்கள். கழற்றி நிமிர்த்தி வைத்து உள்பக்கத்துக்கு வெயில் காட்டுங்கள். விளிம்பு கோணினால் கையால் அழுத்திச் சரிசெய்ய இதுவே கடைசி வாய்ப்பு. பிறகு காலையில் நிமிர்த்தி, மதியம் கவிழ்த்து என்று மூன்று நான்கு நாள் மொட்டை மாடியில். மாலை பனி விழும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் சுலபம். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. விரலால் சுண்டினால் ‘டப்’ என்று மந்தமாக ஒலித்தது ‘டக்’ என்று மாறும். அந்தச் சத்தம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் பிறகு தராசு தேவைப்படாது.

சின்ன வெடிப்பு இருந்தால் கவலையில்லை. மிச்சக் கூழை ஒரு கை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். அதை வைத்து அடைத்து, மறுபடி ஒரு நாள் வெயில்.

மேல் பூச்சுக்கு அப்பத்தா வைத்த வழி மஞ்சள்தூளைக் கஞ்சியில் குழைத்து இரண்டு தடவை பூசுவது. எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும். வண்ணம்தான் வேண்டுமென்றால், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, வெள்ளைத் தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து மைதா பசையால் ஓர் அடுக்கு ஒட்டிக் காயவிடுங்கள். சாம்பல் நிறம் மறையும், வண்ணமும் ஒரே சீராகப் பிடிக்கும். அதன்மேல் அக்ரிலிக், கடைசியாக வார்னிஷ். கோலப் புள்ளி வைத்து வரைந்தால் பிரமாதமாக இருக்கும், கை நடுங்கினாலும் கோலம் மன்னித்துவிடும்.

எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் இது தண்ணீர் ஊற்றும் பாத்திரம் ஆகாது. கழுவிய காய்கறியையும் போடாதீர்கள். அழுக்கானால் உலர்ந்த துணியால் துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும்.

துணி மிதியடி

நைந்த பருத்திப் புடவை ஒன்றில் பாதி போதும். விளிம்பில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து நீளவாட்டில் இழுத்தால் நேராகக் கிழிந்து வரும். கத்தரி தேவையில்லை. சிந்தெடிக் புடவை இப்படிக் கிழியாது, தரையிலும் வழுக்கும், எடுக்காதீர்கள். ஓரத்தில் பிரிந்து வரும் நூலைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள்.

மூன்று பட்டைகளின் முனையை முடிந்து, ஜன்னல் கம்பியில் கட்டி, சடை பின்னுவது போலப் பின்னுங்கள். பட்டை தீரும்போது அடுத்ததை ஊசியால் இரண்டு தையல் போட்டு இணைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒரே இடத்தில் தீராமல் நீளத்தை முன்பின்னாக வைத்துக்கொண்டால் இணைப்பு தெரியாது.

பின்னிய சடையை முறுக்கு சுற்றுவது போல நடுவிலிருந்து சுற்றி, கோணி ஊசியும் கனமான நூலும் கொண்டு பக்கத்துச் சுற்றோடு சேர்த்துத் தையுங்கள். இங்கே ஒரு தந்திரம்: மடியில் வைத்துத் தைக்காதீர்கள், தரையில் பரப்பி வைத்துத் தையுங்கள். மடியில் வைத்தால் நூல் இறுகி ஓரம் மேலே எழும்பும், மிதியடி தொடங்கிக் கூடையில் முடியும். என் இரண்டாவது மிதியடி இப்போது எங்கள் பூனையின் படுக்கை. அரைப் புடவைக்கு இரண்டடி விட்டத்தில் வரும்.

முதல் முறை துவைக்கும்போது தனியாக அலசுங்கள், சாயம் போகும். பிழிந்து கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டு கோணிக்கொள்ளும். மாடித் தரையில் தட்டையாகப் பரப்பிப் போட்டு, நான்கு பக்கமும் கல் வையுங்கள்.